கியர் சூடாயிருச்சு

அந்த ஓரத்தில் உட்காராதீங்க, ஈரம். நான்தான் நனைத்தேன். குழாயடியில் தலையைக் காட்டிவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்தேன், பெஞ்சு முழுக்கச் சொட்டிவிட்டது. இந்தப் பக்கம் வாங்க. நாயைக் கீழேயே விடுங்க, எனக்கு ஒன்றும் பயமில்லை. தமிழ்தானே நீங்க? 'மூதேவி, சும்மா நில்லு' என்று நாயைத் திட்டினீங்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. மைசூருக்குள் நுழைந்ததிலிருந்து காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

என் பெயர் அம்சவேணி. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வருகிறோம். நாய் பூனையெல்லாம் இல்லை, குதிரை. உள்ளே காலை ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாந்தினி என்று பெயர், பெட்டைக் குதிரை. வலது முன்னங்காலில் நரம்பு கிழிந்து இரண்டு மாதமாகிறது. இந்த மாட்டாஸ்பத்திரிக்குக் குதிரைக்காலுக்கென்றே பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார், பெல்லியப்பா என்று. சனிக்கிழமை மட்டும்தான் வருவார், அதுவும் மத்தியானம் வரைக்கும்தான். அதற்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் கார் ஏறிவிடுவார், மனுஷன் அப்படி. போன சனிக்கிழமையும் விட்டோம், அதற்கு முந்தின சனிக்கிழமையும் விட்டோம். இன்றைக்கும் விட்டால் கால் மடங்கின மாதிரியே இறுகிவிடும், அப்புறம் என்னிடம் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார். நிற்க முடியாத குதிரையை என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றைக்கு நேரத்துக்கு வந்துவிட்டோம். ஏன் தெரியுமா? இன்றைக்கு வண்டியை ஓட்டினது என் தம்பி. என் வீட்டுக்காரர் இல்லை.

குதிரை எதற்கு என்று கேட்கிறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. நானும் அதைத்தான் கேட்டேன். மஞ்சள் காடு இருக்கிறது, நெல்லு மில் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேணும்? ஊட்டியில் குதிரை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்றை மூடினார்கள். இவர் போய்ப் பார்த்தார், அது இவரைப் பார்த்தது, அவ்வளவுதான், ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த அன்றைக்கே தொழுவத்துக்குள் நுழைய மாட்டேன் என்று நின்றது. இவர் 'ஹோ ஹோ' என்கிறார், 'வா சாமி, வா கண்ணு' என்கிறார், வெல்லத்தைக் காட்டுகிறார். அது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அடுப்பில் குழம்பு. பொறுக்க முடியாமல் வெளியே வந்து, எங்கள் சிஸ்டர் எவாஞ்சலின் அசெம்பிளியில் அதட்டுவாரே, அதே குரலில், 'ஸ்டாப் திஸ் நான்சென்ஸ். வாக் இன்' என்றேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டது. இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும் அதற்கு. கோயமுத்தூரில் கான்வென்டில் தங்கிப் படித்தேனே, மாதாமாதம் எங்கப்பா பீஸ் கட்டினாரே, எல்லாம் கடைசியில் ஒரு குதிரையை அதட்டுவதற்கு.

அதனால்தான் நானும் வரவேண்டியிருக்கிறது. நான் இல்லாமல் டிரெய்லரில் ஏறாது. ஏறினாலும் உதைக்கும். அந்தக் காலோடு உதைத்தால் என்ன ஆகிறது? இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றால் தங்கவைக்க இடமில்லை என்கிறார்கள். ஆக ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலையில் குதிரையை ஏற்றி, பிக்கப் வண்டியில் டிரெய்லரை மாட்டி, பண்ணாரி செக்போஸ்ட் திறந்ததும் திம்பம் மலை ஏறி, ஆசனூர், சாம்ராஜ்நகர் என்று இங்கே வரணும். திம்பம் ஏறியிருக்கிறீங்களா? கொண்டை ஊசி வளைவு ஒன்று முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். வெறும் காரே முனகும். இது பின்னால் குதிரையோடு.

வண்டி எப்படிப்பட்ட வண்டி? கிளட்ச் இல்லாத வண்டி. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும். இவருக்கு இடது முழங்காலை மடக்கி மடக்கி மிதிக்க முடியவில்லை என்று அந்த வண்டியை எடுத்தார். இதில் போய் டிரெய்லரை இழுப்பதா, கியர் பொசுங்கிவிடும் என்று மில்லில் வருகிறவன் போகிறவனெல்லாம் சொன்னான். இவர் யார் பேச்சைக் கேட்டார்?

முதல் சனிக்கிழமை பண்ணாரியில் நிறுத்தினோம். அம்மனைக் கும்பிடாமல் யாராவது மலை ஏறுவார்களா? நான் அர்ச்சனை பண்ணி, ஒரு சிவப்புத் துணி வாங்கி, வண்டிக்கு முன்னால் அந்தக் கம்பித் தட்டி இருக்கிறதே, அது முழுக்கப் போர்த்திக் கட்டினேன். அதற்கு மேலே வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாக நல்ல கெட்டி மாலை. கண்ணேறு படாமல் இருக்க. பாதி மலைகூட ஏறவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது, பாகு கருகின மாதிரி ஒரு நாற்றம். இவர் ஓரமாக ஒதுக்கினார். எஞ்சினை அணைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். எஞ்சின் ஓடினால்தான் கியர் ஆயில் சுற்றி வந்து ஆறுமாம், அணைத்துவிட்டால் சூடு அங்கேயே தங்கி வேகுமாம். சரி. பிறகு ஏசியை அணைத்தார். சரி. பிறகு ஹீட்டரைப் போட்டார் பாருங்க.

ஹீட்டர். சித்திரை மாதத்தில். வண்டியின் சூட்டை அந்த வழியாக உள்ளே இழுத்துவிட்டால் கியருக்குக் கொஞ்சம் குறையுமாம். உள்ளே யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன்.

எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது. நம்ம வயசுக்கு, மாசத் தூரம் நிற்கப்போகிற நேரத்தில் வருமே, அந்த வெக்கை. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நெஞ்சிலிருந்து கிளம்பி, கழுத்து, காது, மண்டை உச்சி வரைக்கும் யாரோ தீப்பந்தத்தைப் பிடித்த மாதிரி. பிறகு வேர்வை, பிறகு படபடப்பு. மூச்சு முட்டிப்போய்க் கதவைத் திறந்து கீழே இறங்கி, ரோட்டோரத் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்டதற்கு, வெயிலுக்குக் குரங்கு மாதிரி சிவந்திருக்கிறேன், வேறென்ன என்று சொன்னேன். பின்னே என்னங்க சொல்வது? புருஷனிடம் போய் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. மகளிடம்கூட நான் சொல்லவில்லை.

இவர் போய் ஹீட்டரை அணைத்தார். அப்புறம் முன்பக்கம் போய், நான் கட்டின துணியையும் மாலையையும் அவிழ்த்து, டிரெய்லருக்குப் பின்னால் கட்டினார். காற்று போகணுமாம். அம்மனுக்குக் கட்டினது காற்றை மறைக்குமா? அதைக் கழற்றினதும் கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது எங்கே கட்டியிருந்தாலும் அம்மன் காப்பாற்றியிருப்பாள்.

அந்த வாரமே வண்டியைக் கோயமுத்தூர் கொண்டுபோனார். ஆயில் முழுக்க மாற்றினார்கள். சிவப்பாக இருக்கவேண்டியது டீத்தூள் மாதிரி வந்ததாம். ரேடியேட்டருக்கு முன்னால் கியர் ஆயிலுக்கென்று தனியாக ஒரு குட்டி ரேடியேட்டர் வைத்தார்கள். சூடு எவ்வளவு என்று காட்ட ஒரு மீட்டர். அதோடு விட்டாரா? எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஏற்றத்தில் கியரை அதன் போக்கில் விடக்கூடாது, மேலே போகவா கீழே வரவா என்று மாறி மாறித் தவித்துத்தான் அது சூடாகும், கையால் கீழ்க் கியரில் போட்டு நிறுத்திவிடணும். முன்னால் போகிற லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊரக்கூடாது, இடைவெளி விட்டு ஒரே சீராக மிதிக்கணும். வைக்கோலையெல்லாம் டிரெய்லரின் பின்கோடியில் போடக்கூடாது. வீட்டில் பால் பொங்கினால் அடுப்பை அணைக்கத் தெரியாத மனுஷன், இதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு எதற்கு இது? எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தபிறகு என்ன ஆகணும்? கியர் குளுகுளு என்று இருக்கணும். ஆனால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒரே பாட்டுத்தான். நாலு வளைவு ஏறினால், 'கியர் சூடாயிருச்சு.' ஓரமாக நிறுத்து. இன்னும் கொஞ்சம் ஏறினால், 'கியர் சூடாயிருச்சு.' நிறுத்து.

எனக்கோ அதற்குள் அந்த வெக்கை வாராவாரம் கூடிக்கொண்டு போனது. அதிலும் மலை ஏறும்போதுதான் வரும், பாருங்க கொடுமையை. நான் வாயைத் திறக்க மாட்டேன். ஏதாவது நோட்டீஸ் கிடந்தால் எடுத்து விசிறிக்கொள்வேன், முந்தானையால் கழுத்தைத் துடைப்பேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவ்வளவுதான். சரியாக அந்த நேரம் பார்த்து இவருடைய கியரும் சூடாகும். எனக்கு உள்ளே அடுப்பு எரிகிறபோது இந்த மனுஷனுக்குக் கவலை கியரைப் பற்றி.

நிறுத்துகிற இடத்தையாவது பார்த்து நிறுத்துவாரா? பானட்டில் காற்று படும்படி நிறுத்தினால் சீக்கிரம் ஆறும். இவர் என் பக்கத்துக் கதவு நிழலில் வரும்படி வண்டியை வளைத்து வளைத்து நிறுத்துவார், பானட் நல்ல வெயிலில் நிற்கும். பாறையில் தண்ணீர் கசிகிற இடம் ஒன்று இருக்கிறது, ஜில்லென்று காற்று வரும். அங்கே நிறுத்திவிட்டு என் கதவைத் திறந்து விடுவார். எதற்கு என்றால் வண்டிக்குள் காற்றோட்டம் வேணுமாம். ஏசியை அணைங்க, உங்கள் கியருக்கு நல்லது என்று நானே சொல்லிப் பார்த்தேன். அணைக்க மாட்டார். நாலு ஓட்டையையும் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஓடட்டும் என்பார். அப்படியென்றால் ஹீட்டரைப் போட்டுத் தொலைங்க, நிறுத்தாமல் போகலாம் என்றேன். அது சரிப்படாது என்று சொல்லிவிட்டார். முதல் தடவை மட்டும் எப்படிச் சரிப்பட்டதாம்? இப்படி ஓட்டினால் சூடாகாமல் என்ன செய்யும்?

குதிரையின் காலுக்கு ஒத்தடம் கொடுக்க ஐஸ் பெட்டி ஒன்று வரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதிலிருந்து ஒரு பையை எடுத்து, துண்டில் சுற்றி, என்னிடம் நீட்டுவார். 'குதிரைக்கு வெச்சது போக மிச்சம். வேணும்னா கழுத்துல வெச்சுக்க' என்பார். மிச்சமாம். குதிரைக்கு வைத்த மிச்சம் எனக்கு. வாங்கி வைத்துக்கொள்வேன், வீணாகப் போகுமே என்று.

மீட்டரை எட்டிப் பார்க்கலாம் என்றால் அது ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதன்மேல் தன் துண்டை வேறு போட்டு வைத்திருப்பார். வெயில் பட்டால் மீட்டர் கெட்டுவிடுமாம். தூக்கிப் பார்ப்பது அவர் மட்டும்தான்.

ஒரு நாள் வனத்துறை ஆள் ஒருவர் பைக்கில் வந்து சத்தம் போட்டார். யானை இறங்குகிற இடம், இங்கே நிறுத்தக்கூடாது, படித்தவர் மாதிரி இருக்கிறீங்க, அறிவில்லையா என்று. இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். மில்லில் ஒரு வார்த்தை அதிகம் பேசினவனை விட்டுவைக்காத மனுஷன். 'கியர் சூடாயிருச்சுங்க, அஞ்சே நிமிஷம்' என்று கெஞ்சினார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார், அப்புறம் யானை வந்தால் ஹாரன் அடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, நாங்கள் கிளம்பும் வரைக்கும் வளைவில் பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றார்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக டாக்டரைத் தவறவிட்டோம். அதற்கு அடுத்த வாரம் அதைவிடக் கொடுமை. நாங்கள் அந்த கேட்டுக்குள் நுழைகிறோம், டாக்டருடைய கார் வெளியே போகிறது. இவர் கையைக் காட்டினார், அவர் கடிகாரத்தைக் காட்டினார். அவ்வளவுதான். இறக்கின குதிரையைத் திரும்ப ஏற்றணும். சாந்தினி மூன்று காலில் நிற்கிறது. என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறது. அது அப்படித்தான், கனமான தலை, தள்ளினாலும் போகாது. எனக்குக் குதிரையெல்லாம் பிடிக்காது. ஆனால் அன்றைக்குத் தள்ளத் தோன்றவில்லை.

இவர் டிரெய்லர் கதவின் கொண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தார், தூசி என்றார். அவர் ஊட்டியிலிருந்து அதைக் கொண்டுவந்த அன்றைக்கு அவர் முகம் இருந்த இருப்பை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கேட்டேவிட்டேன்.

'ஏனுங்க, அந்த வாயில்லாச் சீவனோட காலைவிட உங்களுக்கு அந்தக் கியர்தான் பெரிசாப் போச்சா?'

அவர் என்னைப் பார்த்தார். 'ஆமா' என்றார்.

ஆமாவாம். எவ்வளவு திமிர் பாருங்க. திரும்பி ஊர் போய்ச் சேரும்வரைக்கும் நான் அவரிடம் பேசவில்லை.

இந்த வாரம் இவர் தொழுவத்தில் வழுக்கி விழுந்து, இவருக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. அசையக்கூடாது என்று எங்கள் ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியும் நேற்று விடியற்காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறார், இறங்க முடியவில்லை, என் தம்பி லோகு வந்து தூக்கி இறக்கினான். அவன்தான் நான் ஓட்டிக்கொண்டு போகிறேன் மாமா என்றான். அவன் லாரி வைத்திருக்கிறவன், மலையெல்லாம் அவனுக்கு முற்றம் மாதிரி. இன்றைக்குக் கிளம்பும்போது இவர் கேட் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றுகொண்டு அவனுக்குச் சொல்கிறார்: அந்த ஆலமரத்தடியில் நிறுத்து, பாறையில் தண்ணீர் வடிகிற இடத்தில் நிறுத்து, மேலே ஏறினதும் ஒரு தடவை நிறுத்து, கியர் சூடாயிரும். லோகு சிரித்துக்கொண்டே சொன்னான்.

'நான் மீட்டரைப் பாத்துக்கறனுங்க மாமா.'

'மீட்டரைப் பாக்காதே மாப்ளே. நிறுத்து.'

மீட்டரைப் பார்க்காதேயாம். அவ்வளவு செலவு பண்ணி வைத்த மீட்டரை. நான் லோகுவிடம் வழியிலேயே சொல்லிவிட்டேன், மாமா அப்படித்தான், நீ மீட்டரைப் பார்த்தே ஓட்டு, எங்கேயும் நிறுத்தாதே என்று. டாக்டரைப் பிடிப்பதுதான் முக்கியம்.

துண்டு இல்லையே, இன்றைக்குத்தான் அந்த மீட்டரை நானும் நன்றாகப் பார்த்தேன். முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ஒரு வளைவு, இரண்டு வளைவு, பாதி மலை. அசையவே இல்லை. 'அக்கா, கியர் பச்சைத் தண்ணியாட்டம் இருக்குது. மாமன் எதைப் பாத்துத்தான் நிறுத்துனாரோ' என்று லோகு கேட்டான். அதே வண்டி, அதே டிரெய்லர், அதே குதிரை. சும்மா சொல்லியிருக்கிறார். பீடி பிடிக்கவா என்றால் அந்தப் பழக்கமும் கிடையாது. வேடிக்கை பார்க்க ஆசையோ என்னமோ. ஒரு உசிர் பின்னால் துடித்துக்கொண்டு நிற்கிறது, இவர் நிழல் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

லோகு ஓட்டினதுதான் ஓட்டு. ஏறினது தெரியவில்லை. எனக்குத்தான் பாதி மலையிலேயே ஆரம்பித்துவிட்டது. அவன் ஏசியை வேறு அணைத்துவிட்டான், வண்டிக்கு இழுவை கிடைக்கும் என்று. ஆலமரம் வந்தது, போய்விட்டது. தண்ணீர் கசிகிற பாறை வந்தது, போய்விட்டது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, பெல்ட்டில் தொங்கிக்கொண்டு வந்தேன். ஒரு பையில் வாந்தி எடுத்தேன். அவன் 'என்னக்கா, வளைவு ஒத்துக்கலையா' என்று கேட்டான், ஆமாம், நிறுத்தாதே போ என்றேன். ஐஸ் பெட்டி டிரெய்லரில் இருந்தது. அதை எடுத்து நீட்ட அவனுக்கு எப்படித் தெரியும்? ஆம்பிளைப் பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே வந்து இறங்கும்போது கால் தரையில் நிற்கவில்லை. சாந்தினிக்கு 'பேக். ஸ்லோலி' என்று சொல்வதற்குக் குரலே வரவில்லை. அது அப்படியும் இறங்கிவிட்டது, பாவம். அப்புறம்தான் இந்தக் குழாயடி. ஆனால் நேரத்துக்கு வந்துவிட்டோம் பாருங்க. அதுதானே வேணும்.

என்ன, ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நாய் கயிற்றைக் கடிக்கிறது, அதைப் பாருங்க.

இருங்க, டாக்டர் வெளியே வருகிறார். என்னைத்தான் கூப்பிடுகிறார். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க.

வந்துவிட்டேன். தண்ணீர் இருக்கிறதா? கொஞ்சம் கொடுங்க.

சேர்ந்துவிட்டதுங்க. நரம்பு சேர்ந்துகொண்டு வருகிறதாம். கத்தி வேண்டாம் என்கிறார். ஆனால் இன்றைக்கு வராமல் இருந்திருந்தால் கோணலாகப் பிடித்திருக்கும், லாடத்தை மாற்றி அடித்து நிமிர்த்திவிட்டேன் என்கிறார். நடக்கும். மெதுவாகக் கொஞ்சம் ஓடும். பந்தயம், பாய்ச்சல் எல்லாம் கிடையாது. இனி மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும். 'தேங்க் யூ டாக்டர்' என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த குதிரையைப் பார்க்கப் போய்விட்டார்.

உடனே இவருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் என்ன கேட்டார் தெரியுமா? இரண்டு மாதமாக அந்தக் காலைத் தடவிக்கொண்டு கிடந்த மனுஷன், 'உனக்கு எப்படி இருக்குது' என்கிறார். எனக்கு என்ன கேடு, குதிரையைக் கேளுங்க என்றேன். சொன்னேன். 'நடக்குமா? நடந்தாப் போதும்' என்றார். மூக்கை உறிஞ்சின சத்தம் கேட்டது. அப்புறம், 'மாப்ளே எங்கெங்கே நிறுத்துனான்?' என்றார்.

எங்கேயும் நிறுத்தவில்லை, உங்கள் கியர் சூடாகவே இல்லை, நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். இத்தனை வாரம் என்னை முட்டாளாக்கினீங்களே, எதற்கு என்று கேட்டேன். நன்றாகக் கேட்டேன், சும்மா விடவில்லை. அதற்கு அவர், போனை லோகுவிடம் கொடு என்றார்.

லோகு தள்ளிப் போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அதோ அந்த வேப்பமரத்தடியில். 'சரிங்க மாமா, சரிங்க மாமா, எனக்குத் தெரியலீங்க மாமா' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து போனைக் கொடுத்தபோது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. என்னடா சொன்னார் என்றேன்.

'கியர் சூடாயிருமாம் அக்கா. இறங்கறப்ப நிறுத்தி நிறுத்தித்தான் போகோணுமாம்.'

இறக்கத்தில் கியர் எங்கேங்க சூடாகும்? இழுத்துக்கொண்டு ஏறும்போதுதான் சூடாகும். இறக்கத்தில் பிரேக்தான் சூடாகும், அதற்கும் கீழ்க் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்கே இவ்வளவு தெரிந்திருக்கிறது. ராத்திரி பகலாக அதையே பேசிக்கொண்டிருந்தவர் அவர். அவருக்குத் தெரியாதா?

தெரியாமல் இருக்குமா?

இல்லைங்க, ஒன்றுமில்லை. வெக்கைதான். அடிக்கடி வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். முகத்தைத் துடைத்தால் சரியாகிவிடும். நீங்க போங்க, உங்கள் நாயைத்தான் கூப்பிடுகிறார்கள். நல்ல நாய். ரொம்பத் திட்டாதீங்க.

டேய் லோகு, வா, ஏற்றலாம். ஐஸ் பெட்டியை எடுத்து முன்னால் வை. முதல்ல எங்கே நிறுத்தணும்னு மாமா சொன்னாரா?

ஆசனூரைத் தாண்டி நிழல் இருக்குதுன்னாரா? எனக்குத் தெரியும். நான் காட்டறேன்.